லாரி டிரைவரான என் சித்தப்பா 2024ல் லோடோடு போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கிறது. சித்திக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. பிரஷர் இருந்தது என்ற ஒரே காரணத்தால் கேஸ் தோற்காது. அதே சமயம், வண்டியில் இருக்கும்போது உயிர் போனது என்பது மட்டும் போதவும் போதாது. வேலையின் அலைச்சலும் அழுத்தமும்தான் மாரடைப்பைக் கொண்டுவந்தது, அல்லது இருந்த நோயை முற்றவைத்தது என்று காட்ட வேண்டும்.

நாமக்கல்லில் இந்த மாதிரி வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வருகிறவர்கள் இறப்புச் சான்றிதழைப் பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். அந்த மனிதர் கடைசி நாலைந்து நாள் எப்படி ஓட்டினார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. பார்க்கவே வேதனையாக இருக்கும்.

உச்ச நீதிமன்றத்தில் 2012 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. டெல்லியிலிருந்து ஜார்க்கண்டின் நிமியாகாட் வரை, சுமார் 1,152 கிலோமீட்டர் லாரி ஓட்டிப் போன டிரைவர், உடம்பு சரியில்லை என்று ஓட்டல் பக்கம் வண்டியை நிறுத்தியவர், மயங்கி இறந்துபோனார். அத்தனை தூரம் ஓட்டிய அலுப்பே காரணம் என்று ஏற்று நஷ்டஈடு கொடுத்தார்கள். 2006ல் வந்த நெல்லூர் வழக்கில் கிடைக்கவில்லை. அந்தத் தொழிலாளிக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. சுவிட்சைப் போட்டு அணைக்கிற வேலையில் அழுத்தத்துக்கு இடமில்லை என்று முடிவானது.

அதனால் டிரிப் ஷீட், லோடு பில், ஃபாஸ்டேக் கணக்கு, ஜிபிஎஸ் பதிவு எல்லாவற்றையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். டோல்கேட் நேரங்களை வரிசையாக எழுதினாலே அவர் எத்தனை மணி தூங்கியிருக்க முடியும் என்று தெரிந்துவிடும். கிளீனர் இருந்தால் அவர் சாட்சி பெரிய பலம். போஸ்ட்மார்ட்டம் நடந்திருந்தால் அந்த அறிக்கையும் வேண்டும்.

அவர் இறந்தது 2024ல் என்பதால், அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, இறந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட வேண்டும். தொகை, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி வருவது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2024ல் 15,000 வரைதான் கணக்கு. 45 வயது என்றால் 7,500 x 169.44, அதாவது 12,70,800 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி.

அப்புறம், ஓனர் பயந்து ஒதுங்குவார். பாலிசி நடப்பில் இருந்தால் இந்தத் தொகையை இன்சூரன்ஸ்தான் கட்டும் என்று அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். டிரிப் ஷீட் அவர் கையில்தான் இருக்கிறது.