ஜாவா டெஸ்ட் எழுத உதவும் மொக்கிட்டோவில் எதிர்பார்த்ததும் வந்ததும் ஒன்றாகவே தெரிகிறது, ஆனாலும் வெரிஃபை (இந்த மதிப்போடு அழைப்பு நடந்ததா என்ற சோதனை) தோற்பது ஏன்?

நீங்கள் காட்டியிருக்கும் பிழைச் செய்தியில் இரண்டு பக்கமும் 'ஆர்டர், எண் 7, நிலை புதியது' என்றுதான் இருக்கிறது. குழப்பம் வரத்தான் செய்யும். அச்சில் தெரிவது டூஸ்ட்ரிங், அதாவது ஆப்ஜெக்டை எழுத்தாக்கும் மெத்தட், தருவது. மொக்கிட்டோ ஒப்பிடுவதோ ஈக்வல்ஸை, அதாவது இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று சொல்லும் மெத்தடை வைத்து. உங்கள் கிளாஸில் டூஸ்ட்ரிங் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஈக்வல்ஸ் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும்தான் ஜாவா பார்க்கும். டெஸ்டில் ஒரு நியூ (புது ஆப்ஜெக்ட்), சர்வீஸுக்குள் இன்னொரு நியூ. எப்படிப் பொருந்தும்?

ஈக்வல்ஸும், அதோடு சேர்த்தே எழுத வேண்டிய ஹாஷ்கோடு மெத்தடும் எழுதுங்கள். ஜாவா 16 அல்லது அதற்கு மேல் என்றால் ரெக்கார்டாக (மதிப்புகளை வைத்திருப்பதற்கான கிளாஸ் வகை) மாற்றினாலே போதும், இரண்டும் தானாக வந்துவிடும். கிளாஸைத் தொட முடியாதென்றால் அழைப்பில் போன மதிப்பை ஆர்க்யுமென்ட் கேப்டர் வைத்துப் பிடித்து, வேண்டிய ஃபீல்டை மட்டும் சரிபாருங்கள். தயவுசெய்து எந்த மதிப்பையும் ஏற்கும் எனி போட்டு டெஸ்டைப் பச்சையாக்கிவிடாதீர்கள். அப்புறம் எந்த ஆர்டர் போனாலும் டெஸ்ட் தலையாட்டும்.

ஈக்வல்ஸ் எழுதியும் தோற்றால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்று பதிவுகள் உள்ள லிஸ்டை அனுப்பியதாக வெரிஃபை செய்தேன். வந்தது காலி லிஸ்ட் என்றது. அரை நாள் போனது. கோடைப் பார்த்தால், லிஸ்டை அனுப்பும் சென்ட் மெத்தடை அழைத்த அடுத்த வரியிலேயே அதே லிஸ்டைக் காலி செய்யும் கிளியர். மாக், அதாவது டெஸ்டில் நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதில் நிற்கும் போலி, லிஸ்டை நகலெடுத்து வைப்பதில்லை, அதைச் சுட்டும் ரெஃபரன்ஸை மட்டும் வைத்திருக்கும். வெரிஃபை ஓடும்போது லிஸ்ட் எப்படி இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். கேப்டரும் இங்கே கைகொடுக்காது, அது பிடிப்பதும் அதே ரெஃபரன்ஸ்தான்.

மாக்கை அழைக்கும்போது நாம் எழுதிய கோடை ஓட்டும் டூஆன்சரில், அழைப்பு நடக்கும் நொடியிலேயே நகல் எடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் நான் டெஸ்டைத் தொடவில்லை, கோடைத்தான் திருத்தினேன். பெறுகிற கிளாஸ் அந்த லிஸ்டை வைத்திருந்து பிறகு வேறு த்ரெட்டில் அனுப்பினால், அங்கேயும் காலி லிஸ்ட்தான் போயிருக்கும். இப்போது லிஸ்ட் காப்பிஆஃப் போட்டு, நகலைத்தான் கொடுக்கிறேன்.

கமென்டில் கேட்டிருந்த 'இரண்டு மேட்சர் எதிர்பார்த்தேன், ஒன்றுதான் வந்தது' என்ற பிழை வேறு சங்கதி. ஒரு ஆர்க்யுமென்டுக்கு மேட்சர் (எனி போல, மதிப்பு பொருந்துமா என்று பார்ப்பது) போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். வெறும் மதிப்பை, 'இதற்குச் சமம்' என்று பார்க்கும் மேட்சரான ஈக்யூவுக்குள் வையுங்கள். இன்னொன்று, எந்த ஸ்ட்ரிங்கையும் ஏற்கும் எனிஸ்ட்ரிங், மொக்கிட்டோ 2 முதல் நல்லை (null, மதிப்பே இல்லாதது) ஏற்பதில்லை. நல் வரக்கூடும் என்றால் வெறும் எனி போடுங்கள்.