எரித்திரியர்களின் மே மாதம் – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் சுவிஸில், பேர்ண் பக்கம் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. என்னோடு வேலை செய்யும் எரித்திரிய அக்கா ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், போன மே மாதம் தங்களுடைய சுதந்திர தினக் குடும்ப விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாடகைக்கு எடுத்த விளையாட்டு மண்டபம். வெளியே புல்லில் சின்னப் பிள்ளைகளுக்குச் சாக்கோட்டம், கயிறிழுத்தல், கன்னத்தில் கொடி வரைந்துவிட ஒரு மேசை. உள்ளே பெரிய தட்டுகளில் இன்ஜெரா என்ற புளித்த மாவுத் தோசை, அதன்மேல் சிவக்கச் சிவக்க இறைச்சிக் கறி. பிறகு எல்லோரும் வட்டமாகச் சுற்றித் தோளைக் குலுக்கி ஆடத் தொடங்கினார்கள், என் மகள் அந்த வட்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை. எங்கட விழாக்கள்தான் ஞாபகம் வந்தது. என்ன, இவர்களுக்கு நாடு கிடைத்துவிட்டது. 1993-இல் அப்பா ரேடியோவைக் கேட்டுவிட்டு "அவங்கள் எடுத்திட்டாங்கள்" என்று சொன்னது இப்பவும் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை வேலையிடத்தில் படங்களைக் காட்டினேன். சமையலறையில் வேலை செய்யும் எரித்திரியத் தம்பி ஒருவன், 2015-இல் லிபியா வழியாகப் படகில் வந்தவன், பார்த்துவிட்டு, "எங்களைத் துரத்தியவனுடைய விருந்தில் சாப்பிட்டிருக்கிறீர்கள்" என்றான். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் போனது பிழையா?

க.

அன்புள்ள க.,

பிழை இல்லை. கூடவே வேலை செய்கிறவர் கூப்பிட்டார், போனீர்கள், சாப்பிட்டீர்கள். ஆனால் அந்தத் தம்பி சொன்னதையும் கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிட முடியாது.

நீங்கள் பார்த்த மாதிரியான குடும்ப விழா எரித்திரியா என்ற நாட்டைவிட வயதில் மூத்தது. 1974-இலிருந்து 1991 வரை, ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த எரித்திரியர்கள் கோடையில் இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் கூடுவார்கள். பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள், சமைப்பார்கள், பாடுவார்கள், ஆடுவார்கள், போர்முனையிலிருந்து வந்த செய்தியைக் கேட்பார்கள், அப்புறம் பணம் திரட்டுவார்கள். பணம் கொடுத்தவர்களில் பலர் ரோமிலும் மிலானிலும் பணக்கார வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்த பெண்கள். அப்போது எரித்திரியா என்று ஒரு நாடு வரைபடத்தில் இல்லை. இத்தாலியக் காலனியாக இருந்து, 1941-இல் பிரிட்டிஷ்காரர் கைக்கு மாறி, 1952-இல் ஐ.நா. தீர்மானத்தின்படி எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டு, பத்தே வருடத்தில் அந்தக் கூட்டாட்சியையும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி கலைத்துவிட, வெறும் மாகாணமாகிப் போயிருந்த நிலம் அது. ஆயுதப் போர் 1961 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது.

முப்பது வருடம் நடந்த அந்தப் போரில் பெரிய வல்லரசு எதுவும் கடைசிவரை இவர்கள் பக்கம் நிற்கவில்லை. எத்தியோப்பியாவுக்கு முதலில் அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது, பிறகு சோவியத் யூனியன் கொடுத்தது. எதிரி ஒருவர்தான், அவருக்குக் கொடுக்கிறவர்தான் மாறினார். 1991 மே 24 அன்று விடுதலைப் போராளிகள் தலைநகர் அஸ்மாராவுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகப் பெண்கள். உங்கள் அக்காவுக்கு ஐம்பத்தைந்து என்றால் அன்று இருபதைச் சுற்றி. அந்த வயதில் அந்த நாளைக் கண்டவரிடம் போய் மே 24-ஐக் கொண்டாடாதே என்று யார் சொல்ல முடியும்? உங்கள் அப்பா ரேடியோவில் கேட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த செய்தி. 1993 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு, ஆம் என்றவர்கள் 99.8 சதவீதம். வெளிநாட்டில் இருந்தவர்களும் வாக்களித்தார்கள்.

சரி, இனித் தம்பியின் பக்கம். அந்த 1993-க்குப் பிறகு அந்த நாட்டில் தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. அன்று பதவிக்கு வந்த இசயாஸ் அஃப்வெர்கிதான் இன்றும் ஜனாதிபதி. 1997-இல் ஓர் அரசியல் சட்டம் எழுதி ஒப்புக்கொண்டார்கள், நடைமுறைக்கு வரவே இல்லை. 2001 செப்டம்பரில், உலகம் முழுக்க நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீர்திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதிய பழைய தோழர்கள் பதினொரு பேரைச் சிறையில் தள்ளி, தனியார் பத்திரிகைகளையும் மூடினார்கள். அந்தப் பதினொரு பேரும் களத்தில் ஒன்றாகப் போராடியவர்கள், அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. சட்டத்தில் பதினெட்டு மாதம் என்று எழுதிய கட்டாய தேசிய சேவை, எத்தியோப்பியாவுடனான எல்லைப் போருக்குப் பிறகு முடிவே இல்லாததாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பைப் படிக்கவே பிள்ளைகள் சாவா என்ற ராணுவ முகாமுக்குப் போக வேண்டும். உங்கள் தம்பி அதைத் தாண்டித்தான் வந்திருப்பான், அல்லது அதற்கு முன்னால் தப்பித்திருப்பான். 2015-இல் சுவிஸில் தஞ்சம் கேட்டவர்களில் எரித்திரியர்களே அதிகம் என்பது அங்கேயே இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, ஒரே மண்டபத்தை இரண்டு தலைமுறை அகதிகள் பார்க்கிறார்கள். முதல் தலைமுறை எத்தியோப்பிய ராணுவத்திடமிருந்து ஓடி வந்தது, இரண்டாவது அந்த ராணுவத்தைத் தோற்கடித்தவர்களிடமிருந்து ஓடி வந்தது. விழா மட்டும் பொலோன்யாவில் இருந்த மாதிரியே இருக்கிறது: அதே சாப்பாடு, அதே வட்டம், கடைசியில் அதே வசூல். பணம் போய்ச் சேரும் இடம்தான் அப்போது போராளிகள், இப்போது அரசாங்கம். வெளிநாட்டு எரித்திரியர்கள் வருமானத்தில் 2 சதவீதம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி உண்டு. கட்டாவிட்டால் தூதரகத்தில் ஒரு சான்றிதழ் வாங்குவதும் பெரும்பாடு. கனடா 2013-இல் அவர்களுடைய கான்சலை வெளியேற்றியது இந்த வசூலை முன்னிட்டுத்தான். 2023-இல் ஜெர்மனியின் கீசன், ஸ்டாக்ஹோம், டொரன்டோ என்று வரிசையாக எரித்திரிய விழாக்களில் கல்லெறியும் அடிதடியும் நடந்ததே, அடித்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தம்பியின் வயதுக்காரர்கள். கையில் இன்றைய அரசின் கொடி இல்லை, கூட்டாட்சிக் காலத்து 1952-இன் பழைய நீலக் கொடி. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கல்லெறிவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியாத மாதிரி நடிக்கவும் முடியாது.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், போவேன். எல்லா மே 24 விழாவையும் தூதரகம் நடத்துவதில்லை, பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்துவதும் உண்டு. மேடையில் மைக் யார் கையில் இருக்கிறது, சுவரில் யார் படம் தொங்குகிறது என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். சாப்பிடுவேன், ஆடத் தெரியாமல் ஆடுவேன், உண்டியல் வந்தால் மட்டும் கையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வேன்.

இதை எழுதும்போது ஒரு பாட்டியின் நினைவு. நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒன்றரை வருடம் இருந்தபோது எதிர் வீட்டுக்காரர். மிலானில் வீட்டுவேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பாதியைப் பொலோன்யாவில் கொடுத்தவர். கண்ணாடி அலமாரியில் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் ஒரு ஜோடி கறுப்புப் பிளாஸ்டிக் செருப்பு வைத்திருந்தார். ஷிதா என்பார்கள், போராளிகள் போட்டது. அந்தச் செருப்புக்கு அஸ்மாராவில் ஒரு நினைவுச்சின்னமே உண்டு. முதல்முறை காபிக்குக் கூப்பிட்டபோது எனக்கு அவர்கள் வழக்கம் தெரியாது. கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் மூக்குக்கும் கொண்டுவந்து காட்டி, மண்கூஜாவில் காய்ச்சி, கூடவே சோளப்பொரியும் வைத்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். நான் ஒரு கோப்பை குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். பாட்டி என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பஸ் போனது.

அதே வீட்டில் அவருடைய தங்கை பேரன் இருந்தான், 2014-இல் சூடான் வழியாக வந்தவன். மே 24 அன்று காலையில் பாட்டி வெள்ளைச் சேலை மாதிரியான அந்த ஸுரியாவைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்புவார், அவன் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுவான். மாலையில் பாட்டி திரும்பி வந்து கொட்டை வறுக்கத் தொடங்குவார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கமாட்டார், விழா எப்படி என்று அவனும் கேட்கமாட்டான். ஆனால் மூன்றாவது சுற்றுக்குச் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவான்.

அந்தத் தம்பியோடு திரும்பவும் பேசிப் பாருங்கள். படங்களைக் காட்ட வேண்டாம்.