0.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் றிவெற் அடித்தால் ஏன் நெளிகிறது? பொப் றிவெற் அடித்து முடிக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் கொட்டிலுக்குள் வைத்துக் கட்டுகிற இரண்டு இருக்கை விமானம், திட றிவெற்றுக்கு (வாலை அடித்து நசுக்கிப் பூட்டும் முழு உலோக ஆணி) வரைந்த இறக்கை, றிவெற் வரிசை வழியே தகடு குழி குழியாக நிற்கிறது என்று படத்தோடு கேட்டிருக்கிறீர்கள். பஸ் பொடி வேலைக்காரர் ஒருவர் பொப் றிவெற் (நடுக்கம்பியை இழுத்து ஒரு பக்கத்தாலேயே பூட்டும் குழாய் றிவெற்) போதும் என்றாராம்.

பொப் றிவெற்றை முதலில் முடித்துவிடுவோம். வீட்டில் கட்டுகிற ஸெனித் விமானங்கள் தொடக்கத்திலேயே அவெக்ஸ் எனும் இழுவை றிவெற்றுக்காக இடைவெளி கணக்கிட்டு வரையப்பட்டவை. அதைக் காட்டி, திட றிவெற் கேட்கிற இறக்கையில் ஹாட்வெயார் கடைப் பொப் றிவெற்றை மாற்றி அடிக்கக் கூடாது. அதன் உலோகக் கலவை என்னவென்று பெட்டியில் இராது. நடுக்கம்பி அறுந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் குழாய். பஸ்ஸில் ஒன்று கழன்றால் தகடு கிடுகிடுக்கும், அவ்வளவுதான். கடைத் தகடும் அப்படியே: விளம்பரப் பலகைக்கு விற்கிற மென்மையான அலுமினியம் 2024-டி3 எனும் கடினமான விமானத் தகட்டுக்கு மாற்றீடு ஆகாது.

இனி நெளிவு. எல்லோரும் றிவெற் அடிக்கிற காற்றுக் கன் பிடித்தவரைத்தான் பேசுவார்கள். ஆனால் இவ்வளவு மெல்லிய தகட்டில் நெளிவு அநேகமாக அடிக்க முன்னரே ஓட்டையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

3/32 அங்குல றிவெற்றின் விட்டம் 2.38 மி.மீ.; அதற்கு 40ஆம் நம்பர் பிற் (துளையிடும் அலகு) போடும் ஓட்டை 2.49. இடைவெளி 0.1 மி.மீ. மட்டுமே. அலுமினியம் 10 பாகை சூடேறினால் மீற்றருக்கு 0.23 மி.மீ. நீளும், அதாவது அந்த இடைவெளியின் இரண்டு மடங்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மெல்லிய தகடு முதலில் சூடாகும், உள்ளே இருக்கிற றிப் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா) பின்தங்கும். இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தால் இன்னும் மோசம், இரும்பு அலுமினியத்தின் அரைவாசி அளவே நீளும். காலையில் பாதி வரிசை, மத்தியானம் மீதி என்று அடித்தால், இரண்டுக்கும் நடுவே மிஞ்சிய தகடு கையால் அமுக்க டப் என்று உள்ளே போய்வரும். அதை எந்தக் கன்னாலும் எடுக்க ஏலாது. ஒரு தகட்டை ஒரே சூட்டில், விடியவோ பொழுதுபட்டோ முடியுங்கோ. ஒன்றுவிட்டொரு ஓட்டையில் வெள்ளிநிறக் கிளீக்கோ (தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் ஆணி) போட்டு, நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போங்கோ.

அடுத்தது டிம்பிள், அதாவது றிவெற் தலை தகட்டோடு மட்டமாக அமர விடுகிற குழி. 0.8 மி.மீ.க்குக் குறைந்த தகட்டைக் கவுண்டர்சிங்க் பிற்றால் குடைந்தால் ஓட்டை விளிம்பு கத்தி முனையாகிவிடும். ஆகவே டையால் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு அச்சு) அழுத்திக் குழிவிட வேண்டும், அடியிலுள்ள றிப்பிலும் சேர்த்து. விமான றிவெற்றின் தலை 100 பாகை, கடையில் கிடைக்கும் கவுண்டர்சிங்க் பெரும்பாலும் 90. குழிவிட முன் பிசிர் எடுக்க வேண்டும். கையால் இரண்டு மூன்று சுற்று போதும். மெசினில் பூட்டி எடுத்தால் விளிம்பு மெலிந்து, குழிவிடும்போது வெடிக்கும்.

குழி முழுதாக விழாததுதான் உங்கள் படத்தில் தெரிகிற வருத்தம் என்று நினைக்கிறேன். டை இரண்டும் முட்ட அழுத்தாவிட்டால் குழியைச் சுற்றி மெதுவான சரிவு மிஞ்சும். பிறகு றிவெற் இறுகும்போது அந்தச் சரிவையும் சேர்த்துக் கீழே இழுக்கும். கழிவுத் தகட்டில் பத்துக் குழி விட்டு, டியூப் லைற் வெளிச்சக் கோடு அதில் எப்படி விழுகிறதென்று பாருங்கோ. கோடு குழி விளிம்புவரை நேராக வந்தால் சரி. முன்னரே வளையத் தொடங்கினால் டையை இன்னும் இறுக்குங்கோ.

றிவெற் நீளம்: தகடுகளின் தடிப்போடு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கோ. 0.5 தகடும் 0.63 றிப்பும் என்றால் 4.7 மி.மீ. வரும், ஏஎன்426ஏடி3-3 எனும் 3/32 அங்குல மட்டத்தலை றிவெற் அதற்கு அளவு. அடித்தபின் வாலில் உருவாகும் பின்தலை 3.6 மி.மீ. அகலம், 1.2 உயரம் இருக்க வேண்டும். ஓட்டை நடுவிலிருந்து தகட்டு ஓரம் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

அடிக்கும்போது கன்னில் 35–40 பிஎஸ்ஐ, பக்கிங் பார் (பின்னால் வாலில் பிடிக்கும் இரும்புக் கட்டி) ஒரு கிலோ அளவு. பார் இலேசாக இருந்தால் அடி கூடும், றிவெற் கடினப்பட்டு விளிம்பில் கீறும். கன் பக்க அழுத்தம் பாரை விடக் கூடவாக இருக்க வேண்டும். மாறினால் தகடு வெளியே வீங்கும். பார் பிடிப்பவர் “பிடிச்சிட்டன்” என்று சொல்லாமல் கன் விசையைத் தொடக் கூடாது, தம்பியானாலும் சரி. காதடைப்புப் போட்டால் பேச்சுக் கேளாது; அதற்குப் பழைய தட்டு முறை இருக்கிறது: ஒரு தட்டு இன்னும் அடி, இரண்டு சரி, மூன்று பிழை, கழற்று.

எட்டுகிற இடமெல்லாம் பின்புறமிருந்து அடிப்பதே என் தெரிவு. தடித்த, வழுவழுப்பான இரும்புத் தட்டில் தகட்டைக் குப்புறப் போட்டு, றிவெற் தலைகளை ரேப்பால் ஒட்டி, வாலில் அடியுங்கோ. தட்டு ஓரத்தைத் தாண்டி மட்டும் அடித்துவிடாதேங்கோ, அந்தக் குழி போகாது.

கடலும் கடல்நீரேரியும் சுற்றிய இடம் என்பதால் தகடும் றிப்பும் முட்டுகிற முகங்களுக்கும் குழிகளுக்கும் மெல்லிசாக எபொக்சி பிரைமர் அடித்து, காய்ந்தபின் பூட்டுங்கோ.

பிழைத்த றிவெற்றை 40ஆம் நம்பர் பிற்றால் தலை ஆழத்துக்கு மட்டும் துளைத்து, பன்ச்சால் தலையை நெம்பி, பின்னால் தாங்குகொடுத்து வாலைத் தட்டி எடுங்கோ. ஓட்டை பெருத்துவிட்டால் என்ஏஎஸ்1097ஏடி4 எனும் சிறுதலை றிவெற் போடலாம்: உடல் 1/8 அங்குலம், தலை 3/32 றிவெற்றின் குழிக்குள் அடங்கும். பின்தலை கொஞ்சம் சரிந்ததற்காக மட்டும் கழற்ற வேண்டாம். கழற்றும்போது பெருக்கிற ஓட்டை அதைவிடப் பெரிய கேடு.