20 லிட்டர் தொட்டியில் கடல் பவளம் வளர்க்க முடியுமா?

முடியும். என் மேசை மேல் இப்போது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 28 உயரம். கணக்குப்படி 21 லிட்டர், ஆனால் கல்லும் மணலும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 16 லிட்டர்தான். ஆறு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு முறை பெரும்பகுதி செத்துப்போனது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இது: 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி கையில் இருக்கிறது, இரண்டு கோமாளி மீனும் இரண்டு மூன்று பவளமும் வைக்க ஆசை, கேட்ட இடமெல்லாம் 200 லிட்டருக்குக் கீழே தொடவே தொடாதே என்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வீவக என்ற அரசு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எடுத்து, நானும் சித்தி மகனும் தங்கியிருக்கிறோம். 200 லிட்டர் தொட்டியை எங்கே வைப்பது?

முதலில் மீனை விட்டுவிடுங்கள். 16 லிட்டரில் இரண்டு கோமாளி மீன் வேண்டாம். கடைக்காரர் குட்டியாகக் காட்டுவார், அது வளரும், கழிவும் வளரும். மீன் இல்லாத தொட்டியா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கேட்கட்டும். துறவி நண்டு இரண்டு, நத்தை மூன்று, பவளம் நாலு துண்டு. இவ்வளவே என் தொட்டி, இதற்கே வேலை சரியாக இருக்கிறது.

பெரிய தொட்டிதான் சுலபம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் அதிகம் இருந்தால் எந்தத் தப்பும் மெதுவாக நடக்கும், நாம் கவனித்துச் சரி செய்ய நேரம் கிடைக்கும். சின்னத் தொட்டியில் ஒரு நத்தை செத்துக் கிடந்தாலே தண்ணீர் மாறிவிடும். ஆனால் “சுலபம் இல்லை” என்பது வேறு, “முடியாது” என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. ஆச்சி வீட்டின் பின்சுவர் கடல் கல்லில் கட்டியது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பவளக் கல்லைக் கடலில் இருந்து வெட்டி வந்து சுவர் வைப்பார்கள், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்குவார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரியும். தேனடை மாதிரி, ஒன்றை ஒன்று ஒட்டிய குழிகள். சுண்டுவிரல் நுனி சரியாக உள்ளே போகும். மத்தியானத் தூக்கம் வராத நாட்களில் அந்தக் குழிகளை எண்ணிக்கொண்டு கிடப்பேன். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் படித்த பள்ளியில் இருந்து சைக்கிளில் போனால் பத்து நிமிடத்தில் கடல். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் வான்தீவு, காசுவார், காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம். ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளம். பாடத்தில் எங்களுக்கு வந்த கேள்வி, உலகின் மிகப் பெரிய பவளத்திட்டு எது? ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டு என்று எழுதி ஒரு மார்க் வாங்கினேன். எங்கள் கடலில் இருப்பதைப் பற்றி ஒரு கேள்விகூட வந்ததில்லை, ஒரு நாள்கூட எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியதில்லை. சுற்றுலா என்றால் அணைக்கட்டும் பொருட்காட்சியும்தான். விலாங்குச்சல்லித் தீவு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது, பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தத் தீவின் பேரையே நான் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இப்படி நடக்கலாமா? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். இருந்தாலும் ஆற்றாமை.

உயிருள்ள பவளத்தை நான் முதலில் பார்த்தது சிங்கப்பூரில் ஒரு மீன் கடையில். நீல விளக்கின் கீழே ஒரு பச்சைக் கல். கிட்டே போனால் ஆச்சி வீட்டுச் சுவர். அதே தேனடை, அதே குழிகள், ஆனால் ஒவ்வொரு குழியிலும் சதை, நடுவில் சின்னதாக ஒரு வாய். ஃபேவைட்டிஸ் என்றார் கடைக்காரர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

உடனே வாங்கவில்லை. நீங்களும் வாங்காதீர்கள். முதலில் கல், மணல், உப்புத் தண்ணீர் மட்டும் போட்டு ஓட விட வேண்டும். அழுகும் பொருளில் இருந்து அமோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா கல்லில் குடியேற வேண்டும், அமோனியா நைட்ரைட் ஆகி, அது நைட்ரேட் ஆக வேண்டும். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அமோனியா டெஸ்ட் குழாயில் பச்சை மறைந்து வெறும் மஞ்சள் நின்ற பிறகும் இன்னும் ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் கல் முழுக்கப் பழுப்பாகப் பாசி பிடிக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் கழுவிவிடுவார்கள் புதிதாக வருகிறவர்கள். அது டயாட்டம், தானாகப் போய்விடும். பவளம் வைத்தது மூன்றாவது மாதத்தில்.

உப்பு ஒரு லிட்டருக்கு 35 கிராம். ஒரு சொட்டில் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், மிதக்கும் கருவியை நம்பாதீர்கள். வெப்பம் 25 முதல் 27 வரை. என் அறையில் 30 இருக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்திருக்கிறேன், 27-க்கு இறங்கும். சில்லர் இல்லாமல் பவளமா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு, ஆறு வருடக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது, தினமும் எழுதியது. வாரம் இரண்டு லிட்டர் தண்ணீர் மாற்றுவேன்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகும். என் தொட்டியில் நாளுக்கு அரை லிட்டர். இங்கேதான் விஷயம். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆர்ஓ தண்ணீர். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் செய்வோம். சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமைன், அது அப்படிப் போகாது. நான்கு நாள் ஊற்றாமல் விட்டால் 16 லிட்டர் 14 ஆகும், 35 இருந்த உப்பு 40 ஆகும். 200 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு லிட்டர் குறைந்தால் அளவில் அசைவே தெரியாது.

இது எனக்குத் தெரியும். சொல்லாமல் போனதுதான் தப்பு.

தங்கை கல்யாணத்துக்கு ஒன்பது நாள் ஊருக்குப் போனேன். சித்தி மகனிடம், “தண்ணி குறைஞ்சா கோடு வரைக்கும் ஊத்திடுப்பா, கேன் கட்டிலுக்கு அடியில இருக்கு” என்றேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு கேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் ஆர்ஓ தண்ணீர், இன்னொன்றில் தண்ணீர் மாற்றுவதற்காகக் கலந்து வைத்த உப்புத் தண்ணீர்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாடை. அழுகின நண்டு வாடை. கண்ணாடி விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது, ஒரு மில்லி கூடக் குறைவில்லை. நத்தைகள் மூன்றும் மல்லாந்து கிடந்தன. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். 45. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதே 45.

“கடல் தொட்டிக்குக் கடல் தண்ணிதானேண்ணே ஊத்தணும்?” என்றான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறான். ஒவ்வொரு அரை லிட்டரிலும் பதினேழரை கிராம் உப்பு, ஒன்பது நாள். மூன்றாம் நாளே நத்தை அசையவில்லையாம். கல்யாண வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு எதற்கு போன் பண்ணித் தொந்தரவு கொடுப்பது என்று விட்டுவிட்டான். அவன் மேல் துளியும் தப்பில்லை. யாராவது கமெண்ட்டில் அவனைத் திட்டினால் எனக்குக் கோபம் வரும்.

பாரசீக வளைகுடாவில் உப்பு 40-க்கு மேல், அங்கே பவளம் வாழவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். வாழ்கிறது, அது தலைமுறை தலைமுறையாகப் பழகியது. என் தொட்டிக்குக் கிடைத்தது ஒன்பது நாள்.

செத்ததை எல்லாம் எடுத்துவிட்டு, தினமும் 350 மில்லி எடுத்து அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றினேன். ஆவியாவதற்கு ஊற்றுவது தனி. நாளுக்கு ஒரு புள்ளிதான் இறங்க வேண்டும், அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மிச்சமும் போகும். பதினொரு நாளில் 35-க்கு வந்தது. ஜீனியா என்ற மென்பவளம் முதல் நாளே கரைந்துவிட்டிருந்தது. சோவாந்திட் என்ற பொத்தான் பவளம் மூன்று வாரம் மூடியே கிடந்து பிறகு திறந்தது. ஃபேவைட்டிஸில் 27 குழி இருந்தது, நான் எண்ணி வைத்திருந்தேன். 22-இல் சதை கழன்று வெறும் கல் தெரிந்தது. ஆச்சி வீட்டுச் சுவர் எப்படி இருந்ததோ, அப்படியே.

ஒரு ஓரத்தில் ஐந்து மட்டும் பச்சையாக இருந்தன.

இப்போது ஆர்ஓ கேனில் சிவப்பு டேப், உப்புக் கேனின் மூடிமேல் பெரிய எழுத்தில் “உப்பு”. நீங்களும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். ஏடிஓ என்று தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி விற்கிறது, நல்லதுதான். ஆனால் அது சிக்கிக்கொண்டு நிற்காமல் ஓடினால் 16 லிட்டர் தாங்காது. அதனால் இணைக்கும் வாளியில் இரண்டு லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். சோவாந்திட் வைத்திருந்தால் கையுறை இல்லாமல் கல்லைத் தொடாதீர்கள், எக்காரணம் கொண்டும் அந்தக் கல்லைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

அடுத்தது, எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டில் இருந்தால், கடலில் இருந்து ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் பவளத்தை முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கரை ஒதுங்கிய செத்த துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ராமேஸ்வரத்தில் இருந்து எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பேச்சைக் கட் செய்துவிடுங்கள். நீ மட்டும் வைத்திருக்கிறாயே என்று கேட்கலாம். நான் வாங்கியது பண்ணையில் வளர்த்து, பெர்மிட்டோடு இறக்குமதி ஆனது, ரசீது வைத்திருக்கிறேன். ஊரில் இருந்திருந்தால் கடல்பாசியும் துறவி நண்டும் மட்டும் வைத்திருப்பேன், அதுவும் பார்க்க அழகுதான்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தால் மணி ஒன்றாகிவிடும். பெரிய விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து சிவப்பு டார்ச் அடித்துப் பார்ப்பேன். பகலில் வழவழவென்று இருக்கும் குழிகளின் ஓரத்தில், நூல் மாதிரி கண்ணாடி விரல்கள் நீண்டிருக்கும், நுனியில் வெள்ளைப் புள்ளி. இடுக்கியால் உறைபனி இறால் ஒன்றை, அரிசி அளவுதான், மேலே வைத்தால் நாலு பக்கமும் இருந்து மெதுவாக மூடும். ஐந்து நிமிடத்தில் இறால் காணாமல் போகும். போன மாதம் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். சித்தி மகன்தான் டார்ச் பிடித்தான். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. “நம்ம வீட்டுச் சுவத்துல இருந்த கல்லு உசுரோடயா இருந்துச்சு?” என்றார்.

ஐந்தாக இருந்தது வெறும் கல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகிறது. நேற்று எண்ணினேன், 19. இன்னொன்று நடுவில் இரண்டாகப் பிரிய ஆரம்பித்திருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை.