பாதி விலை எஸ்எஸ்டி: பில்லில் யார் பெயர் இருக்கிறது?

கேள்வி: அண்ணா, வலங்கைமானில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருகிறேன். கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. காலையில் ஆன் செய்துவிட்டுக் கடை வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு முடித்தாலும் திரை வந்திருக்காது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், அப்போது பார்த்து அப்படியே நின்றுவிடுகிறது. எஸ்எஸ்டி போடச் சொல்கிறார்கள், ஹார்ட்டிஸ்குக்குப் பதிலாக மாட்டுகிற வேகமான டிரைவாம். ஆன்லைன் தள்ளுபடியில் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் 1 டிபி, எம்ஆர்பி 12,999 ரூபாய், இப்போது 3,299, ஐந்து வருட வாரண்டி என்று வருகிறது (படம் அனுப்பியிருக்கிறேன்). பெயர் தெரிந்த கம்பெனியில் 500 ஜிபியே 4,400. தஞ்சாவூரில் ஒரு கடைக்காரர், லேப்டாப்பிலிருந்து கழற்றிய 256 ஜிபியை 1,200-க்குத் தருகிறேன், ஆறு மாதம் கேரண்டி என்கிறார். எதை வாங்கட்டும்?
*— வாசகி, வலங்கைமான்*

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது எம்.2 என்விஎம்இ வகை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை. 2014 மதர்போர்டில் அதைச் செருகப் பெரும்பாலும் இடமே இருக்காது. உங்களுக்கு வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. இப்போதுள்ள ஹார்ட்டிஸ்கில் மாட்டியிருக்கும் அதே கேபிள் அதற்கும் பொருந்தும். வேகம் நொடிக்கு 550 எம்பி வரை. என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு என்பார்கள். விண்ணப்பம் போடுகிற வேலைக்கு அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. ஆகவே அந்த 3,299 ரூபாய் சரக்கு முதல் படியிலேயே கழிந்துவிட்டது. ஆனால் அதே கம்பெனி சாட்டாவிலும் விற்கும், அதுவும் தள்ளுபடியில் வரும். அதனால் மேலே பேசுவோம்.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேய்வது உண்மைதான். அதற்குத்தான் நல்ல கம்பெனிகள் டிபிடபிள்யூ என்று ஒரு கணக்கு போடுகின்றன, அதாவது மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300. உங்கள் கடையில் ஸ்கேன், பிடிஎஃப், விண்டோஸ் தானாக எழுதுவது எல்லாம் சேர்ந்து நாளுக்கு 20 ஜிபி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 7.3 டெராபைட். 300-ஐத் தொட 41 வருடம் ஆகும். எனவே தேய்மானம் உங்கள் பிரச்சினை இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில். உள்ளே கன்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கிறது. எந்தத் தகவல் எங்கே கிடக்கிறது என்ற கணக்கு முழுவதும் அதன் கையில். அதுவோ, அதை ஓட்டுகிற ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளோ பழுதானால் பல சமயம் ஒரு பைட்கூடத் திரும்பாது. ஹார்ட்டிஸ்க் சாகும்முன் பல சமயம் கரகரவென்று சத்தம் கொடுக்கும், காப்பி எடுத்துக்கொள்ள நாலு நாள் கிடைக்கலாம். எஸ்எஸ்டி நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியிருக்கும், இன்று காலை கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணாது. பெரிய கம்பெனிக்கும் இது வரும். 2019 நவம்பரில் ஹெச்பிஇ என்ற சர்வர் கம்பெனி, தான் விற்ற சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று தானே அறிவித்து, திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. சுமார் மூன்றே முக்கால் வருடக் கணக்கு அது. இதில் நான் பார்ப்பது, தவறு வந்தபோது வெளியே வந்து சொல்ல ஒரு கம்பெனி இருந்தது என்பதை. பெயரில்லாத டிரைவில் அதே தவறு இருந்தால் யார் சொல்வார்கள்?

வாரண்டியை அதனால்தான் வருடத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. அது யாருடைய வாரண்டி என்று பாருங்கள். தயாரிப்பாளர் வாரண்டியா, விற்பனையாளர் வாரண்டியா? விற்பனையாளர் என்றால், அடுத்த தீபாவளிக்கு அந்தப் பெயரில் அங்கே கடை இருக்கிறதா என்பதே சந்தேகம். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். அந்தச் சீட்டே இல்லாமல் வருகிற சரக்கை, நல்ல கம்பெனியுடையதாகவே இருந்தாலும், இங்குள்ள சர்வீஸ் சென்டர் ஏற்காமல் திருப்பி அனுப்பக்கூடும். ஐந்து வருடம் என்பதும் முழு ஐந்து இல்லை. வருடமோ டிபிடபிள்யூவோ, எது முந்துகிறதோ அதோடு சரி. டிபிடபிள்யூ எண்ணையே எங்கும் போடாத கம்பெனியை நான் நம்புவதில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இன்றுவரை மனசை உறுத்துவது. கும்பகோணத்தில் என் சர்வீஸ் கடைக்கு ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணப் படங்கள், திறக்கவில்லை என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தேன், 640 படங்கள். என் கடை எஸ்எஸ்டியில் போட்டு வைத்தேன். நல்ல கம்பெனி, ஐந்து வருட வாரண்டி, வாங்கி 14 மாதம். ஐப்பசி மழை, நாலைந்து முறை கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலை டிரைவ் இல்லை. வாரண்டிக்குக் கொடுத்தால் புது டிரைவ் வரும், ஆனால் பழையது திரும்பாது. படம் வேண்டும் என்றால் மீட்பு வேலைக்குத் திறக்க வேண்டும், திறந்தால் வாரண்டி போச்சு. திறக்கத்தான் கொடுத்தேன். சென்னையில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, கன்ட்ரோலர் போய்விட்டது, உள்ளே எழுதியிருப்பது அதன் பூட்டுக்குள் இருக்கிறது, முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அதற்குள் அந்த அப்பா தவறிப்போயிருந்தார். மகன் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தப் பென் டிரைவை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வாரண்டி டிரைவுக்குத்தான், அதில் இருப்பதற்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பணத்தைப் பிரித்துச் செலவழியுங்கள். பெயர் தெரிந்த கம்பெனியின் 240 அல்லது 250 ஜிபி சாட்டா போதும். உங்களுக்கு 1 டிபி எதற்கு? மிச்சமாகும் பணத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி, கழற்றுகிற பழைய ஹார்ட்டிஸ்கை அதில் போட்டு, தினமும் கடை சாத்தும்முன் காப்பி எடுங்கள். ஹார்ட்டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போவது எஸ்எஸ்டிக்குக் கெடுதல். அப்புறம், ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்புக் ஸ்கேன்களை வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள். நாளைக்கு டிரைவ் பழுதாகி வாரண்டிக்குப் போனால் அவையும் சேர்ந்துதான் கை மாறும்.

தஞ்சாவூர்க்காரர் சொன்னதை நான் தள்ளமாட்டேன். பெயரில்லாத புது டிரைவைவிட, குறைவாக ஓடிய நல்ல கம்பெனி பழைய டிரைவ் மேல் என்பது என் எண்ணம். ஆனால் அதுவும் 2.5 இன்ச் சாட்டாதானா என்று கேளுங்கள். அவர் கம்ப்யூட்டரிலேயே மாட்டச் சொல்லி, டிரைவின் நிலையைக் காட்டும் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெல்த் 90 சதவீதத்துக்கு மேல், ஓடிய நேரம் சில ஆயிரம் மணிக்குள் இருந்தால் யோசிக்கலாம். சீரியல் எண்ணை எழுதி பில் தர வேண்டும். துண்டுச் சீட்டில் கையெழுத்து என்றால் வேண்டாம்.

புதிதாக ஆன்லைனில் வாங்கினால், பிரிப்பதை போனில் வீடியோ எடுங்கள். பெட்டியிலும் டிரைவிலும் ஒரே சீரியல் எண் இருக்க வேண்டும், கம்பெனி இணையதளத்தில் அதைப் போட்டால் வாரண்டி தெரிய வேண்டும். ஓடிய நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், சொன்ன அளவு உண்மையா என்று தெரிந்துவிடும். மாற்றித் தரும் கெடு பல இடங்களில் 7 நாள்தான், அதற்குள் முடித்துவிடுங்கள். ஏமாற்றினால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஜிஎஸ்டி பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி 1,899 ரூபாய். வாங்கலாமா?
*— வாசகர், மன்னார்குடி*

பதில்: வேண்டாம் தம்பி. இப்படி ஒன்றை நான் பிரித்தே பார்த்திருக்கிறேன். பளபளவென்று உலோகப் பெட்டி. உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கார்டு ரீடர், அதில் போன்களில் போடுகிற மெமரி கார்டு ஒன்று, சூடான பசை வைத்து ஒட்டியிருந்தது. 16 டிபி என்று கம்ப்யூட்டர் காட்டும், ஏனென்றால் அப்படிச் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு நீங்கள் போடுவதெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்படும். பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

கேள்வி: தியாகராஜ ஆராதனையில் பல வருடங்களாக நான் பதிவு செய்த கச்சேரிகளை ஒரு எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்குமா?
*— வாசகர், திருவையாறு*

பதில்: ஐயா, இன்றைக்கே எடுத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைக்கிறது, மின்சாரம் கிடைக்காமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். முழு ஆயுளும் எழுதித் தீர்ந்த ஒரு டிரைவ், கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பது ஜெடெக் என்ற தர அமைப்பு வைத்திருக்கும் அளவு. உங்களுடையது அதிகம் எழுதப்படாதது, அதனால் இன்னும் நன்றாகவே தாங்கும். ஆனால் நம் ஊர் கத்திரி வெயிலில் பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? சூடு ஏறினால் கசிவும் கூடும். இரண்டு ஹார்ட்டிஸ்க் வாங்கி இரண்டிலும் காப்பி எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள். ஆராதனைக்குப் போகும்முன் ஒருமுறை, ஆடிப்பெருக்கு அன்று ஒருமுறை மாட்டி, ஏதாவது இரண்டு கச்சேரியை ஓடவிட்டுக் கேளுங்கள்.