பெயர் மாற்றிய சரித்திரமா?

கேள்வி: ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் மூன்று நாவல்களை முடித்துவிட்டேன். இங்கிலாந்து வரலாற்றைப் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்கிறான் நண்பன். வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் மீதியைத் தொடர வேண்டுமா? இந்தச் சாயல்களை நானே கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: வரலாற்றுப் புத்தகம் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி.

இங்கிலாந்து அரியணைக்காக யார்க், லான்காஸ்டர் குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்களிலிருந்து (1455–1487) எடுத்துக்கொண்டதை, இந்த நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் மறைத்ததே இல்லை. நாவலின் குடும்பங்களை ஸ்டார்க், லானிஸ்டர் என்னும்போதே யார்க், லான்காஸ்டர் காதில் ஒலிக்கிறது. ஆனால் ‘இவர்தான் அவர்’ என்று ஜோடி சேர்க்கத் தொடங்கினால் சீக்கிரமே இடறும். யார்க் குடும்பத்து நான்காம் எட்வர்டைப் பாருங்கள். வாரிக் பிரபு அவருக்காகப் பிரான்சில் பெண் பேசிக்கொண்டிருக்க, அவரோ 1464இல் எலிசபெத் வுட்வில்லை ரகசியமாக மணந்துகொண்டார். அவமானப்பட்ட வாரிக் பின்னாளில் எதிரியானார். இது, வாக்குக் கொடுத்த இடத்தை விட்டு வேறொருத்தியை மணக்கும் ராப் ஸ்டார்க்கின் கதை. அதே எட்வர்ட் இளமையில் பெரும் போர்வீரர். பிறகு தின்று கொழுத்து, 1483இல் இறந்தார். பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்லர் என்று சொல்லித் தம்பி ரிச்சர்ட் அரியணை ஏறினார். இது நாவலின் அரசன் ராபர்ட் பராத்தியன் வீட்டுக் கதை. ஒரே மனிதரை இரண்டு குடும்பங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார் மார்ட்டின். இதைப் பெயர் மாற்றம் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாவலில் விருந்தினரையே கொன்றுபோடும் அந்தத் திருமணத்தை நீங்கள் தாண்டிவிட்டதால் தயங்காமல் சொல்கிறேன். 1440இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்டார் டக்ளஸ் பிரபு. வயது பதினாறு இருக்கும். கூடவே தம்பி. விருந்தின் நடுவே கரிய காளையின் தலையை மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள், அது மரணத்தின் அறிகுறி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இருவர் தலையும் துண்டிக்கப்பட்டது. 1692இல் அதே ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் நடந்தது நேர்மாறு: மக்டொனால்டு குலத்தார் வீட்டில் பல நாள் தங்கி உண்ட படைவீரர்களே அவர்களைக் கொன்றார்கள். மார்ட்டின் இரண்டையும் கலந்தார். காளைத் தலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாட்டை வைத்தார். மேசைக்கு வரும் தலையைக் கண்ணால் பார்த்துவிடலாம். மேளக்காரர்கள் ராகம் மாற்றுவதைக் காது கொடுத்தவர் மட்டுமே கவனிப்பார். ராப்பின் தாய் கேட்லின் கவனிக்கிறாள். அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

இரண்டாம் நாவலின் ஆற்றுப்போரும் அப்படித்தான். பச்சை நெருப்பு, கிழக்கு ரோமானியர்களான பைசாந்தியர்கள் எதிரிக் கப்பல்கள்மேல் வீசிய கிரேக்க நெருப்பு. சங்கிலி, அவர்களின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் தங்கக் கொம்புத் துறைமுகத்தின் வாயை அடைத்த சங்கிலி. ஆனால் அங்கே சங்கிலி கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்தது. நாவலில் தலைநகரைக் காக்கும் டிரியனோ கப்பல்களை உள்ளே விட்டு, பின்னால் சங்கிலியைத் தூக்குகிறான்.

ஆகவே சாயல் தேடும்போது இரண்டு கேள்விகள் போதும். தேவையே இல்லாத சின்ன விவரம் ஏதாவது ஒத்துப்போகிறதா? ஒத்துப்போன பிறகு எது மாறியிருக்கிறது? விருந்தில் துரோகம் என்பது எந்த நாட்டிலும் கிடைக்கும்; அதை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகிவிடும். நாவலின் வடக்கு எல்லைச் சுவர் என்றதும் சீனாவுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. மார்ட்டினே சொன்ன இடம், பிரிட்டனில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர். 1981இல் அதன்மேல் நின்று வடக்கே பார்த்தாராம். கட்டப்பட்ட காலத்தில் அது சுமார் 15 அடி உயரம், நாவலில் 700 அடி.

வரலாற்றை நாவலாகவே படிக்க ஆசையிருந்தால், பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் த்ருவோனின் ‘சபிக்கப்பட்ட மன்னர்கள்’ ஏழு நூல் வரிசையை எடுங்கள். ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ‘அசல் கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று மார்ட்டினே அதைச் சொல்லியிருக்கிறார். நண்பருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.