கேள்வி – பதில்: அடிக்குறிப்பைப் பிடியுங்கள்

கேள்வி: யூதப் படுகொலைக்கு ஹிட்லர் உத்தரவிடவில்லை என்று ஆங்கில எழுத்தாளர் டேவிட் இர்விங் எழுதியதை என் தம்பி வரி விடாமல் வாசிக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் ஆவணச் சான்று. நான் திட்டினால், “படிச்சுட்டுப் பேசுண்ணே” என்கிறான். என்ன பதில் சொல்வது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தம்பி கேட்பது நியாயம்தான். இர்விங்கோடு சேர்த்து, அவர் சான்று காட்டும் ஆவணத்தையும் படித்துவிட்டுப் பேசுங்கள். லண்டன் நீதிமன்றத்தில் அவர் விழுந்ததே அந்த இடத்தில்தான். தன்னைப் படுகொலை மறுப்பாளர் என்று எழுதிய அமெரிக்கப் பேராசிரியை டெபோரா லிப்ஸ்டாட் மீதும், பெங்குவின் பதிப்பகத்தின் மீதும் 1996-இல் அவதூறு வழக்குப் போட்டார். எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் இங்கிலாந்துச் சட்டப்படி எழுதியவர் தலையில். எனவே வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ், இரண்டு ஆய்வு மாணவர்களை வைத்துக்கொண்டு, இர்விங் காட்டிய சான்றுகளை மூலத்தோடு ஒப்பிட்டார். அறிக்கை 700 பக்கத்தைத் தாண்டியது.

ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். 30.11.1941 அன்று, ஹிட்லரின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் தொலைபேசிக் குறிப்பேட்டில் ஒரு பதிவு: ‘பெர்லினிலிருந்து யூதர் ரயில். அழிக்க வேண்டாம்.’ இது பெர்லினிலிருந்து லாட்வியாவின் ரீகா நகருக்குப் போன ஒரே ஒரு ரயிலைப் பற்றியது. இர்விங் இதை யூதர் எல்லோருக்குமான தடையாக்கினார். அந்த ரயிலில் போன சுமார் 1,000 பேரும் அன்று காலையிலேயே சுடப்பட்டிருந்தார்கள். வேண்டாம் என்ற சொல் பிந்திப் போனது. மறுநாள் பதிவு இன்னும் விசேஷம். ‘எஸ்.எஸ். நிர்வாக அதிகாரிகள் இருக்க வேண்டும்’ என்ற வரியில் ‘வேண்டும்’ என்பதற்காக வரும் ‘ஹாபென்’ என்ற ஜெர்மன் கையெழுத்துச் சொல்லை இர்விங் ‘யூடென்’, அதாவது யூதர்கள், என்று வாசித்து, ‘யூதர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர்மீது 1945-இல் நேச நாடுகள் நடத்திய குண்டுவீச்சில் இறந்தோர் கணக்கு இன்னும் எளிது. 1945 மார்ச் மாத போலீஸ் அறிக்கையில் இறந்தோர் 20,204. இர்விங் எடுத்தாண்ட ‘ஆவண’த்தில் 202,040. கடைசியில் ஒரு சைபர் ஒட்டியிருந்தது, அவ்வளவே. அது போலி என்று தெரிந்தபின் 1966-இல் பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதியவர், பிறகும் பெரிய எண்களை விடவில்லை. அந்நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010-இல் சொன்னது: அதிகபட்சம் 25,000.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒரு கூற்றை எடுங்கள். நாற்பதுக்கும் பதில் சொல்லப் போனால் நீங்கள் களைப்பீர்கள், தம்பி நாற்பத்தொன்றாவதைக் கொண்டுவருவான். மூலத்தில் தேதி, ஒருமையா பன்மையா, முன்வரி, பின்வரி பாருங்கள். பிழை கிடைத்தால், அது யாருக்குச் சாதகம் என்று ஒரு தாளில் குறியுங்கள். கை தவறினால் தராசு இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும். இர்விங் பிழைகள் ஹிட்லர் பக்கமே சாய்ந்தன. 11.4.2000 அன்று நீதிபதி சார்லஸ் கிரே, அவர் வேண்டுமென்றே சான்றுகளைத் திரித்தார் என்று தீர்ப்பளித்ததற்கு இதுவே பெரிய காரணம்.

கேள்வி: இப்படி எழுதுபவர்களைச் சிறையில் போட்டால் தீராதா? (மதுரை வாசகர்)

பதில்: ஆஸ்திரியா போட்டது. 2006 பிப்ரவரியில் இர்விங்குக்கு மூன்றாண்டுத் தண்டனை. டிசம்பரில் வெளியே வந்துவிட்டார். லிப்ஸ்டாட்டே அந்தத் தண்டனையை ஏற்கவில்லை: தியாகிப் பட்டம்தான் கிடைக்கும் என்றார். மறுப்பாளர்களோடு மேடை விவாதத்துக்கும் அவர் போவதில்லை. போனால், இதற்கு இரண்டு பக்கம் உண்டு என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார்களாம்.